ஊர் என்னும் கட்சி

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. திருவள்ளூர் மாவட்டம் அவற்றில் ஒன்று. கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் வாக்குச்சாவடிகளில் வரிசையில் நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்கு வாக்குகள். மாவட்ட ஊராட்சி வார்டுக்கு மஞ்சள் சீட்டு. ஒன்றிய வார்டுக்குப் பச்சை. கிராம ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, சில இடங்களில் நீலம்.

மஞ்சளிலும் பச்சையிலும் உதயசூரியன், இரட்டை இலை முதலிய கட்சிச் சின்னங்கள் இருந்தன. இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் ஆட்டோ, பூட்டு சாவி போன்ற பொதுச் சின்னங்கள் மட்டும். கிராம ஊராட்சியைக் கட்சி அடிப்படையில் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு ஏற்பாடு.

ஒரே மேசை, ஒரே மை, ஒரே பெண். மாவட்ட அளவில் கட்சியைப் பார்த்து வாக்களிக்கத் தெரிந்தவள் என்று அவளை நம்பும் சட்டம், அவளுடைய சொந்தக் கிராமம் என்று வந்ததும் கட்சியை அவள் கண்ணிலிருந்து எடுத்துவிடுகிறது. நாவலையும் சினிமாவையும் பெண்ணியக் கண்ணோடு வாசிக்கப் பழகியிருக்கிறோம். இந்த இளஞ்சிவப்புச் சீட்டையும் அப்படி வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அதில் எழுதப்பட்டிருப்பதைவிட எழுதாமல் விடப்பட்டிருப்பது நம்மைப் பற்றி அதிகம் சொல்கிறது.

கிராமத்தில் கட்சி வேண்டாம் என்ற எண்ணத்துக்குப் பெரிய மரபு உண்டு. காந்தியின் கிராம சுயராஜ்யக் கனவில் கிராமம் தன்னைத் தானே ஆளும் குடும்பம். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1950களின் இறுதியில் கட்சியில்லாத ஜனநாயகம் பற்றி விரிவாக எழுதினார். கட்சிகள் மக்களைப் பிளக்கின்றன, ஊராட்சியோ மக்களைச் சேர்க்க வேண்டிய இடம் என்பது அந்த வாதத்தின் சாரம். கேட்க நன்றாக இருக்கும் வாதம். இன்றும் டீக்கடையில் யாரைக் கேட்டாலும், நம்ம ஊருக்குள்ள எதுக்குக் கட்சி என்றுதான் சொல்வார்கள்.

இதற்கு எதிர்க்குரலும் அதே காலத்திலிருந்து உண்டு. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அரசியலின் அலகாகக் கொள்ள மறுத்தார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று அவர் சொன்னது பலரைக் கோபப்படுத்தியது. முப்பது ஆண்டு கழித்து, 1978இல் அசோக் மேத்தா குழு, பஞ்சாயத்துத் தேர்தல்களில் கட்சிகள் வெளிப்படையாகப் பங்கேற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மேற்கு வங்கமும் கேரளமும் கிராம அளவிலும் கட்சிச் சின்னத்தோடு தேர்தல் நடத்துகின்றன. 73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது இந்தக் கேள்வியை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் அமைந்த ஏற்பாட்டில் கிராமத்துக்குக் கட்சி இல்லை, ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சி உண்டு.

கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சென்னை. அந்த நகரத்தின் மேயர் தேர்தலில் கட்சிதான் எல்லாம். 1996, 2001, 2011 ஆண்டுகளில் மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தபோதும் கட்சிச் சின்னத்தில்தான் வாக்களித்தார்கள். கட்சி ஒரு நகரத்தைக் கெடுக்காது, கிராமத்தை மட்டும் கெடுத்துவிடும் என்று எப்படி நம்பினோம்?

உலகின் வேறொரு மூலையில் இது தலைகீழாக இருக்கிறது. அமெரிக்காவின் பெருநகரங்கள் பலவற்றில் மேயர் தேர்தல் கட்சி சார்பற்றது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சுமார் 40 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே மேயர் தேர்தலின் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரும் அவர் செய்யும் தொழிலும் இருக்கும், கட்சி இருக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடந்த நகராட்சிச் சீர்திருத்தத்தின் விளைவு அது. வேலையும் ஒப்பந்தமும் கொடுத்து வாக்குகளைத் திரட்டி வைத்திருந்த கட்சித் தாதாக்களிடமிருந்து நகரத்தை மீட்பதாகச் சீர்திருத்தக்காரர்கள் சொன்னார்கள். தெருவைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்குக் கட்சி எதற்கு என்று கேட்டார்கள். அவர்களில் பலர் படித்த, வசதியான நடுத்தர வர்க்கத்தார். கட்சித் தாதாக்களை நம்பி வாழ்ந்தவர்களோ பெரும்பாலும் அப்போதுதான் குடியேறிய ஏழைத் தொழிலாளிகள். கட்சிப் பெயர் சீட்டிலிருந்து போனால் வாக்களிக்க வருவோர் குறைகிறார்கள், ஏற்கெனவே தெரிந்த பெயருக்கும் பணத்துக்கும் மதிப்புக் கூடுகிறது என்று அங்குள்ள அரசியல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

2022 நவம்பரில் அந்த நகரம் கேரன் பாஸ் என்ற கறுப்பினப் பெண்ணை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். எதிர்த்து நின்ற ரிக் கரூசோ வணிக வளாகங்கள் கட்டும் கோடீஸ்வரர். தேர்தலுக்காகத் தன் சொந்தப் பணத்தில் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். ஒருகாலத்தில் குடியரசுக் கட்சியில் இருந்தவர், அந்த ஆண்டுதான் ஜனநாயகக் கட்சியில் பெயரைப் பதிவு செய்துகொண்டார். சீட்டில் கட்சி இல்லையென்றாலும் யார் எந்தப் பக்கம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பாஸ் வென்றதைக் கட்சியில்லாத் தேர்தலின் வெற்றியாகச் சிலர் படிக்கக் கூடும். அவர் எதை நம்பி நின்றார் என்று பார்க்க வேண்டும். 1990இல் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின, லத்தீன் மக்களைச் சேர்த்து ஒரு சமூக அமைப்பைக் கட்டியவர் அவர். பிறகு கலிபோர்னியா சட்டமன்றத்தின் சபாநாயகர், அதன் பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். முப்பது ஆண்டு அமைப்பும் கட்சியும் அவர் பின்னால் இருந்தன. சீட்டில் மட்டும்தான் அவர் தனியாள்.

நம் இளஞ்சிவப்புச் சீட்டில் பெயர் வரும் பெண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

சீட்டிலிருந்து கட்சியை எடுத்தால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. அங்கே ‘ஊர்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊர் முடிவு பண்ணிவிட்டது, ஊர்க் கட்டுப்பாடு, ஊர்ப் பெரியவர்கள், ஊர்ப் பொது. இந்தச் சொற்களை நாம் கூர்ந்து கேட்டதில்லை. ஊர் என்றால் எல்லாரும் என்றுதான் அகராதி நினைக்கிறது. வட தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஊர் வேறு, காலனி வேறு. ஊருக்குப் போகிறேன் என்று காலனிக்காரர் சொன்னால் தெருவைத் தாண்டிப் போகிறார் என்று பொருள். ஊர்க்கூட்டம் என்றால் கோயில் மேடையில் ஆண்கள் உட்கார்ந்திருப்பது. அந்தக் கூட்டத்தில் ஊர்ப் பெண்களுக்கும் இடமில்லை, காலனி ஆண்களுக்கும் இடமில்லை. காலனிப் பெண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்படிப் பார்த்தால் ஊர் என்பது தமிழ்நாட்டின் மிகப் பழைய கட்சி. அதற்குத் தலைமை உண்டு, பொருளாளர் உண்டு, கட்டுப்பாடு உண்டு, மீறினால் தண்டனை உண்டு. உறுப்பினர் சேர்க்கை மட்டும் கிடையாது, பிறப்பால்தான் வர முடியும். தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யாத கட்சி என்பதால் அதை யாரும் கணக்கு கேட்க முடியாது.

அது எவ்வளவு வலுவான கட்சி என்பதை மதுரை மாவட்டம் காட்டியது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை. வேட்புமனு போடவிடாமல் தடுப்பது, அல்லது ஊர் சொன்னவரை நிறுத்தி ஜெயிக்கவைத்து உடனே ராஜினாமா செய்யவைப்பது என்று காலம் ஓடியது. 2006 அக்டோபரில்தான் தேர்தல் நிலைத்தது. அந்தப் பத்தாண்டும் எந்தக் கட்சியும் புறக்கணிப்பு அறிவிக்கவில்லை. ஊர் அறிவித்தது. 2019 டிசம்பரில் கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்ச ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது நினைவிருக்கும். அதே தேர்தலில் தலைவர் பதவிக்கான டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 300. ஏழைப் பெண்ணும் நிற்கலாம் என்று சட்டம் வைத்த தொகை அது. ஊர் வைக்கும் விலை வேறு.

கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கத்துக்கு வருகிறேன். 2019 தேர்தலில் அங்கே தலைவராக வென்றவர் அமிர்தம். தலித் பெண், அப்போது அறுபது வயதை ஒட்டியவர். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமாரும் காவல் கண்காணிப்பாளர் அரவிந்தனும் கிராமத்துக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று அவர்கள் முன்னிலையில் அமிர்தம் கொடியேற்றினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

அந்த ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டத்திலிருந்து இன்னொரு படம் வந்தது. தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் தலைவர் ராஜேஸ்வரி மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் நாற்காலியில்.

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்த படம் நமக்குக் கோபம் தருகிறது. கொடிக்கம்பத்துப் படம் நிம்மதி தருகிறது. ஒரு பெண் ஆட்சியர் ஒரு பெண் தலைவருக்கு நீதி தந்தார் என்று அதைக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் அந்தப் படத்தில் யார் இல்லை என்று கவனித்தோமா? மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர் கொடிக்கயிற்றைத் தொடுவதற்கு மாவட்ட நிர்வாகமும் போலீசும் வர வேண்டியிருந்தது. அவரை நிறுத்திய அமைப்பு என்று ஒன்று இல்லை. அதனால் அவருக்காக அன்று காலையிலேயே சாலையில் உட்கார வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. தடுத்தவர்களுக்கும் சீட்டில் கட்சி இல்லை. அதனால் எந்தக் கட்சித் தலைமையும் உங்கள் ஆள் செய்தது என்ன என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்சியில்லாத ஏற்பாட்டில் இரண்டு பக்கத்திலும் பொறுப்பு காணாமல் போகிறது. மிச்சம் இருப்பது ஆட்சியரின் நல்லெண்ணம். ஆட்சியர் மாற்றலாகிப் போவார். ஊர் மாற்றலாகாது.

இவை இரண்டு கிராமங்களின் கதை மட்டும் என்று சொல்ல முடியாது. தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022இல் 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்தது. இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் தலைவருக்கு உட்கார நாற்காலி இல்லை என்று அதில் தெரிந்தது. அந்த ஆண்டு சுதந்திர தினத்துக்கு முன், பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நாற்காலியோடும் கொடியோடும் நின்றால்கூடப் பரவாயில்லை. ஊரப்பாக்கத்தின் தலைவர் மேனகா 2001இல் ஊராட்சி அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நெல்லை மாவட்டம் தாழையூத்தின் தலைவர் கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். அவர் வழக்கில் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது 2024இல். இடையில் 13 ஆண்டுகள்.

கத்தி எடுக்காத இடங்களில் காகிதம் போதும். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு இடஒதுக்கீடு இல்லை. தலைவர் பதவி பெண்ணுக்கோ பட்டியல் சாதிக்கோ போய்விட்டால் ஊர் தன் ஆளைத் துணைத்தலைவராக்கிவிடும். அவர் கையெழுத்துப் போடவில்லையென்றால் தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியாது. விளக்கு எரியாததற்குத் திட்டு வாங்குவது தலைவர். ஊராட்சிச் செயலரும் ஊரின் சொல்லைக் கேட்பவராக இருந்துவிட்டால் தீர்மானப் புத்தகம் எங்கே இருக்கிறது என்றுகூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சட்டமன்றத்தில் கட்சிக்குக் கொறடா உண்டு. தன் ஆள் கொண்டுவந்த தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கினால் கேள்வி வரும். இங்கே ஒரு தலைவர் தன் மன்றத்திலேயே முழுச் சிறுபான்மையாக ஐந்தாண்டு காலம் உட்கார்ந்திருக்க முடியும். அவளுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்று அதற்குப் பெயர் வைப்பார்கள். பயிற்சி வகுப்புக்கு அனுப்புவார்கள்.

காலனி எல்லைக்கு வெளியிலும் இதே கதை வேறு நிறத்தில் நடக்கிறது. ஊர்ப் பெண்ணுக்குப் பதவி ஒதுக்கப்பட்டால் ஊர் அவள் கணவனைத் தேர்ந்தெடுக்கிறது. சுவரொட்டியைப் பாருங்கள். கைகூப்பி நிற்கும் அவள் படம் சிறியது. அவனுடையது பெரியது. பெயருக்கு முன்னால் இன்னாரின் மனைவி, இன்னாரின் மருமகள். கட்சி வேட்பாளர் ஒருத்திக்குக் கட்சியின் பெயர் அடையாளம். கட்சியில்லாத வேட்பாளருக்கு ஆணின் பெயர்தான் சின்னம். ஆட்டோவும் பூட்டு சாவியும் தேர்தலோடு போய்விடும், இந்தச் சின்னம் ஐந்தாண்டும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு தோழி என்னை மறிப்பாள் என்று தெரியும். கட்சிகள் மட்டும் நமக்கு என்ன செய்துவிட்டன? 2021இல் 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்குப் போன பெண்கள் 12 பேர். வட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஆண்கள். பெண்களுக்கு மகளிர் அணி, ஆரத்தித் தட்டு, கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி. ஊராட்சியில் சீட்டுக்காக எந்த மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கட்சியில்லாததால்தான் எங்கள் பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள் என்பாள்.

அவள் சொல்வதில் பாதி உண்மை. மறுபாதியைச் சரிபார்க்க அந்த நான்கு சீட்டுகளே போதும். மஞ்சளும் பச்சையும் கட்சிச் சீட்டுகள். அங்கேயும் பாதி இடங்களில் பெண்கள் வந்தார்கள். காரணம், 2016இல் தமிழ்நாடு மூன்றில் ஒரு பங்கை 50 சதவீதமாக உயர்த்திய சட்டம். பெண்களை உள்ளே கொண்டுவந்தது இடஒதுக்கீடு. கட்சி இருந்ததாலும் வரவில்லை, இல்லாததாலும் வரவில்லை. சட்டமன்றத்தில் அந்த ஒதுக்கீடு இல்லை, 2021இல் 12 பேரோடு நின்றது. ஆகவே கட்சியில்லா முறையை மதிப்பிட வேண்டிய கேள்வி, பெண் உள்ளே வந்தாளா என்பதல்ல. வந்தவளுக்கு அடுத்த நாள் யார் துணை என்பதுதான்.

2022 மார்ச் 4 அன்று சென்னையின் மேயராகப் பிரியா பொறுப்பேற்றார். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண், முதல் தலித் பெண். முப்பது வயதுகூட ஆகாதவர். பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, ஆளுங்கட்சி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் கட்சியின் நிழலில் நிற்கிறார் என்று விமர்சிக்கலாம், விமர்சித்தார்கள். ஆனால் மாமன்றத்தில் அவருக்கு நாற்காலி இருக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. நிழலுக்கு இரண்டு குணமும் உண்டு. அது மறைக்கும், வெயிலிலிருந்து காக்கவும் செய்யும். ஆத்துப்பாக்கத்துக்கு வெயில் மட்டும் கிடைத்தது.

கும்மிடிப்பூண்டியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே ஊராட்சி என்றால் குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் மட்டுமல்ல. சிப்காட் வந்த பிறகு இங்குள்ள நிலத்துக்கு விலை வந்தது. ஆலையிலிருந்து வரும் ஸ்கிராப், தண்ணீர் லாரி, சவுடு மண், ஆள் அனுப்பும் ஒப்பந்தம் என்று ஊரைச் சுற்றிப் பணம் ஓடுகிறது. அந்தப் பணத்துக்கு ஊராட்சியின் கையெழுத்தோ மௌனமோ தேவைப்படுகிறது. அதே ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் வெளிமாநிலப் பெண்கள் பலர் வாடகை அறையில் வாழ்ந்தும் இந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஊராட்சித் தண்ணீரைக் குடிக்கிறவர்கள், கிராமசபையில் கை தூக்க முடியாதவர்கள்.

தேர்வாய்கண்டிகையை எடுத்துக்கொள்வோம். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிராமம். அதன் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்கால் நிலம் சிப்காட் பூங்காவுக்குப் போனது. ஆடு மாடு வளர்த்தவர்களும் விறகு எடுத்தவர்களும் பெண்கள் என்பதால் எதிர்த்து நின்றவர்களிலும் பெண்கள் நிறைய. கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். அந்த நிலத்தில் இன்று மிஷ்லின் டயர் ஆலை இருக்கிறது. கிராமசபைத் தீர்மானம் என்பது கட்சி சார்பற்ற மக்களின் தூய குரல் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தத் தூய குரலுக்குக் கோட்டை வரை ஏறிப்போகப் படிக்கட்டு இல்லை. நிலத்தைக் கொடுக்க முடிவு செய்தவர்கள் கட்சிகளால் ஆன அரசில் இருந்தார்கள். எதிர்த்தவர்களின் மன்றம் மட்டும் அரசியலற்றதாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கட்சி போன இடத்தில் ஆலையே வந்து உட்காரவும் முடியும். கேரளத்தின் கிழக்கம்பலத்தில் அது நடந்தது. கட்சிகள்மீது சலிப்பு என்று சொல்லி, கிடெக்ஸ் ஆடைக் குழுமத்தின் ஆதரவோடு டுவெண்டி20 என்ற அமைப்பு 2015இல் 19 வார்டுகளில் 17ஐப் பிடித்தது. மலிவு விலை அங்காடி நடத்தினார்கள், சாலை போட்டார்கள், மக்கள் மகிழ்ந்தார்கள். 2020இல் பக்கத்து ஊராட்சிகளையும் பிடித்தார்கள். அங்காடியில் வரிசையில் நின்றவர்கள் பெண்கள். ஆனால் அந்த ஆலையின் கழிவுநீர் பற்றியோ கூலி பற்றியோ ஊராட்சியில் யார் யாரைக் கேள்வி கேட்பது? ஆலை முதலாளியும் ஊராட்சியும் ஒரே பக்கம் இருந்தால் தொழிலாளிப் பெண்ணுக்கு எந்த வாசல் மிச்சம்? கும்மிடிப்பூண்டிப் பெண்கள் இந்தக் கதையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் இளஞ்சிவப்புச் சீட்டில் கட்சிச் சின்னத்தை அச்சடித்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. கட்சிகளும் ஊரின் ஆட்களால்தான் ஆனவை. பல கிராமங்களில் ஊர்ப் பெரியவரும் கிளைச் செயலாளரும் ஒரே ஆள். சட்டம் கட்சி வேண்டாம் என்றாலும் கட்சிகள் உள்ளே பணம் போட்டு ஆள் நிறுத்துவது ஊரறிந்தது. இப்போதைய முறையில் அவர்களுக்குச் செல்வாக்கு உண்டு, பொறுப்பு இல்லை. சின்னம் வந்தால் பொறுப்பாவது வெளியே தெரியும். உங்கள் கட்சித் தலைவர் ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க ஒரு முகவரி கிடைக்கும். அது சிறிய ஆதாயம். நான் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அதைவிட முக்கியமானதைக் கேரன் பாஸின் முப்பது ஆண்டு சொல்கிறது. சீட்டில் கட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பெண் தனியாளாக அதிகாரத்துக்குள் போகக் கூடாது. அவள் போவதற்கு முன்பே அவளுடைய அமைப்பு இருக்க வேண்டும். நம் கிராமங்களில் அதற்கான மூலப்பொருள் இல்லாமலில்லை. மகளிர் குழு ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. நூறு நாள் வேலைக்கு ஊர்ப் பெண்ணும் காலனிப் பெண்ணும் ஒரே ஏரிக்கரையில் மண் சுமந்திருக்கிறார்கள். ஆலைகளில் சங்கம் கட்டிய பெண்கள் இருக்கிறார்கள். பெண் தலைவர்கள் தங்களுக்குள் கூட்டமைப்பு கட்டிய முயற்சிகளும் தமிழ்நாட்டில் உண்டு. இவற்றையெல்லாம் கடனுக்கும் கூலிக்கும் பயிற்சிக்கும் என்று தனித்தனியாகப் பிரித்து, அரசியல் பேசாதே என்று சொல்லி வைத்திருக்கிறோம். மகளிர் குழுக் கூட்டத்தில் அரசியல் கூடாது என்பதும், கிராம ஊராட்சியில் கட்சி கூடாது என்பதும் ஒரே வாயிலிருந்து வரும் சொற்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: ஊர் பார்த்துக்கொள்ளும், நீ சும்மா இரு.

அமிர்தத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தலைத் தள்ளிவைத்துவிட்டுத் தனி அலுவலர்களிடம் ஊராட்சிகளை ஒப்படைத்தார்கள். தனி அலுவலரும் கட்சி சார்பற்றவர்தான். இந்த இடைவெளியில் எந்தக் கட்சியும் பெரிதாகக் கலங்கியதாகத் தெரியவில்லை. கிராம ஊராட்சி அவர்கள் சீட்டில் இல்லாத ஒன்றுதானே.

கல்லூரியில் இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். இனி வரும் தேர்தலில் உங்கள் ஊரில் நிற்கும் பெண்ணிடம், உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். அதை ஆணிடம் யாரும் கேட்பதில்லை. பதவியேற்ற மறுநாள் துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் உங்களோடு அலுவலக வாசலில் வந்து உட்கார எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்று அவர் சொன்னால் அந்தப் பட்டியலில் முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள். ஊரில் சேர நமக்கு வழியில்லை. இந்தப் பட்டியலில் சேரலாம்.